நாற்பது பெட்டிகளில் ஒரே படம்

பொதுக்கூட்டத்திலோ, கோயில் குடமுழுக்கிலோ, பெரிய திருமண மண்டபத்திலோ மேடையை ஒட்டி நிற்கும் ஒளித்திரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊரில் அதற்கு 'எல்.ஈ.டி. வால்' என்று பெயர். மாலை நான்கு மணிக்கு ஒரு வேன் வந்து நிற்கும். ஏழு மணிக்கு அந்த இடத்தில் ஒரு சுவர் எழுந்து, பேச்சாளரின் முகத்தை இரண்டாள் உயரத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் அந்தச் சுவர் மறுபடியும் பெட்டிகளாகி வேனில் ஏறிப் போய்விடும்.

பெட்டிகளாக வந்து பெட்டிகளாகப் போவதிலிருந்தே ஒன்று தெரிகிறது. அது ஒரே திரை அல்ல; பல சிறு திரைகளின் கூட்டம். அப்படியானால் பேச்சாளரின் இடது கண் ஒரு பெட்டியிலும் வலது கண் அடுத்த பெட்டியிலும் சரியாக விழுவது எப்படி? எந்தப் பெட்டிக்கு எந்தத் துண்டு என்று யார் சொல்கிறார்கள்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சுவரின் பின்பக்கம் ஒருமுறை போய்வருவோம். அங்கே பார்க்கவேண்டியது படம் மட்டுமல்ல. மின்சாரமும் காற்றும்கூட அங்கே நமக்காகக் காத்திருக்கின்றன.

பல துண்டுகளால் ஒரு படத்தைக் காட்டும் எண்ணம் புதியதன்று. 1967-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கிய நாட்டு மண்டபத்தில் 112 கனசதுரப் பெட்டிகளை அடுக்கி, அவற்றின் முகங்களில் ஸ்லைடு படங்களை வீழ்த்திக் காட்டினார்கள். 1985-இல் ஜப்பானின் சுகுபா கண்காட்சியில் சோனி நிறுவனத்தின் 'ஜம்போட்ரான்' என்னும் ராட்சதத் திரை நின்றது. 1988-இல் கொரியக் கலைஞர் நாம் ஜுன் பைக் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கோபுரம்போல் அடுக்கினார். இவை எல்லாம் இன்றைய சுவருக்குத் தாத்தா முறை. ஒளியுமிழ் டையோடுகளை மட்டும் கொண்டு வண்ணச் சுவர் கட்ட முடியாமல் போனதற்கு ஒரே ஒரு நிறம் காரணம். சிவப்பு டையோடு 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்று ஒளிரும் நீல டையோடு 1993-இல்தான் ஜப்பானில் நாகமுராவின் கையில் உருவாயிற்று. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை. வெள்ளை இல்லாமல் படம் இல்லை. அந்த நீலத்துக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சுவரின் கணக்கு

நம் கணக்குக்கு ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். வாடகைக்குக் கிடைப்பவற்றில் மிகச் சாதாரணமானது. அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம் கொண்ட சதுரப் பெட்டி; தொழிலில் இருப்பவர்கள் இதைக் 'கேபினட்' என்பார்கள். பக்கவாட்டில் 8, உயரத்தில் 5, ஆக 40 பெட்டிகள். சுவரின் அகலம் 4 மீட்டர், உயரம் 2.5 மீட்டர், பரப்பு 10 சதுர மீட்டர்.

ஒரு பெட்டியின் முகத்தில் 128 வரிசை, வரிசைக்கு 128 படப்புள்ளிகள். 500 மில்லிமீட்டரை 128 ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 3.9 மில்லிமீட்டர். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டையோடுகள். முழுச் சுவரிலும் 1024 × 640, அதாவது 6,55,360 புள்ளிகள். டையோடுகளை எண்ணினால் ஏறத்தாழ 20 லட்சம்!

இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தும் நமக்குப் புள்ளிகள் தெரியாமல் படம் தெரிவது எப்படி? நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு நிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ரேடியனில் இது 0.00029. இரண்டு புள்ளிகள் இந்தக் கோணத்துக்குள் அடங்க வேண்டுமானால் நாம் 3.9 மி.மீ. ÷ 0.00029, ஏறத்தாழ 13 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உட்கார்ந்தால் படம் சொரசொரப்பாக இருக்கும். தொழிலில் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: புள்ளி இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மீட்டராவது தள்ளி உட்கார வேண்டும் என்று. இந்தக் கணக்கில் 4 மீட்டர் போதும். அது பொறுத்துக்கொள்ளும் தூரம். 13 மீட்டர் புள்ளி மறையும் தூரம். முன்வரிசையில் இடம் பிடிக்க முண்டியடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

ஒரு வடத்தில் 94 கோடி

இனிச் செய்தி எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு நிறத்தின் அளவையும் குறிக்க 8 பிட் வேண்டும். மூன்று நிறத்துக்கு 24 பிட். 6,55,360 புள்ளிகளுக்கு 1,57,28,640 பிட். இது ஒரே ஒரு அசையாப் படத்துக்கு. நொடிக்கு 60 படம் வேண்டும் என்றால் 94,37,18,400 பிட். கணினி வலையமைப்புகளில் பயன்படும் சாதாரண ஜிகாபிட் வடம் நொடிக்கு 100 கோடி பிட் சுமக்கும். சுவருக்கும் அதே வகை வடம்தான். கட்டுப்பாட்டுப் பெட்டி தயாரிப்பவர்கள் 'ஒரு வடத்துக்கு ஆறரை லட்சம் புள்ளிகள்' என்று எல்லை குறித்திருப்பதன் காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அது பெருக்கல் வாய்பாடுதான். வேறு மாயம் இல்லை.

நம் சுவர் அந்த எல்லையின் விளிம்பில் நிற்கிறது. விளிம்பில் நிற்பது நல்லதல்ல. ஆகவே இரண்டு வடங்கள் போடுவோம்: இடப்பக்கம் 20 பெட்டிகளுக்கு ஒன்று, வலப்பக்கம் 20 பெட்டிகளுக்கு ஒன்று.

இருபது பெட்டிகளுக்கு ஒரே வடம் என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்கு ஒரு வடம், முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதற்கு ஒரு சிறு வடம், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று சங்கிலி போல் போகும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு 'ரிசீவிங் கார்டு' இருக்கிறது. அது தன் பங்கை எடுத்துக்கொண்டு, வந்த செய்தியை அடுத்த பெட்டிக்குத் தள்ளிவிடுகிறது.

தன் பங்கு எது என்று அதற்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் மாணவர்களை நிற்க வைத்து எண் சொல்லச் சொல்வாரே, நினைவிருக்கிறதா? 'ஒன்று' என்பான் முதல்வன். அடுத்தவன் 'இரண்டு' என்பான். தனக்கு முன்னால் எத்தனை பேர் என்பதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியாது. மைதானத்தின் எந்த மூலையில் நிற்கிறோம் என்பதுகூடத் தெரிய வேண்டியதில்லை. பெட்டிகளும் அப்படியே. சங்கிலியில் தன் எண் மட்டுமே அதற்குத் தெரியும். 'ஆறாம் எண் பெட்டி, சுவரில் இரண்டாம் நெடுவரிசையின் உச்சியில் இருக்கிறது' என்ற உண்மை மனிதனுக்குத்தான் தெரியும். அந்த உண்மையைக் கணினியில் ஒரு வரைபடமாக எழுதிக் கொடுப்பதுதான் சுவரை அமைப்பதில் உள்ள முக்கியமான வேலை.

வடத்தை எந்த வழியாக ஓட்டுவது? கீழிருந்து மேலே ஏறி, உச்சியில் பக்கத்து நெடுவரிசைக்குத் தாவி, அங்கிருந்து கீழே இறங்கி, மறுபடி பக்கத்தில் தாவி ஏறி… பாம்பு நெளிவது போல. ஒவ்வொரு முறையும் கீழிருந்தே தொடங்கினால் உச்சியிலிருந்து தரைக்கு நீண்ட வடங்கள் வேண்டியிருக்கும். பாம்பு வழியில் எல்லா வடமும் சிறியதாகவே இருக்கும். நம் சுவரில் இடப்பக்கத்து வடத்துக்கு நான்கு நெடுவரிசைகள். ஏற்றம், இறக்கம், ஏற்றம், இறக்கம். இருபதாவது பெட்டி தரையருகில் வந்து முடிகிறது. இது வசதி. ஏனென்றால் அந்தக் கடைசிப் பெட்டியிலிருந்து இன்னொரு வடத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து மாற்று வழியாகச் செருகிவிடலாம். நடுவில் பதினோராவது பெட்டியருகே வடம் கழன்றால், முதல் பத்துக்கு முன்பக்கமாகவும் மீதிக்குப் பின்பக்கமாகவும் செய்தி போய்ச் சேரும். படம் அறுந்தது கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

பெட்டி எண் 1 இடப்பக்கக் கீழ் மூலையில் இருக்கிறது. மேலிருந்து எண்ணினால் படத்தின் 513 முதல் 640 வரையுள்ள வரிசைகள், இடமிருந்து முதல் 128 புள்ளிகள் அதன் பங்கு. 5-ஆம் பெட்டி அதே நெடுவரிசையின் உச்சி. 6-ஆம் பெட்டி பக்கத்து நெடுவரிசையின் உச்சி. வரைபடத்தில் 6 முதல் 10 வரை கீழிருந்து மேலாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? அந்த நெடுவரிசையில் மட்டும் பேச்சாளரின் தலைமுடி கீழேயும் செருப்பு மேலேயும் வரும். வேடிக்கை என்னவென்றால் ஒவ்வொரு துண்டும் நேராகவே இருக்கும்; அடுக்கு மட்டும் தலைகீழ். இதைக் கண்டால் 'பெட்டி கெட்டுவிட்டது' என்று யாரும் பெட்டியைக் கழற்றக் கூடாது. கெட்டது வரைபடம்.

இதைவிடக் குழப்பம் ஒன்று உண்டு. கணினியின் வரைபடம் சுவரை முன்னாலிருந்து பார்ப்பது போல் வரையப்படுகிறது. வடம் செருகுபவரோ பின்னால் நிற்கிறார். அவருடைய இடது, பார்ப்பவர்களின் வலது! விடுமுறை நாட்களில் இந்த வேலைக்குப் போகும் என் மாணவர் ஒருவர் சொன்னது: 'சார், பாதி நேரம் இடது வலது சண்டையிலேயே போய்விடும்.' அதற்கு அவர்கள் கண்ட தீர்வு நல்ல தீர்வு. ஒவ்வொரு பெட்டியும் தன் எண்ணைத் தானே பெரிதாகக் காட்டும்படி ஒரு சோதனைப் படத்தை அனுப்புவார்கள். ஒருவர் முன்னால் நின்று எண்களை உரக்கப் படிப்பார். இரண்டு நிமிடத்தில் சண்டை தீர்ந்துவிடும்.

பெட்டிக்குள்ளும் ஒரு வரைபடம் இருக்கிறது. ஒரு பெட்டி என்பது 64 × 64 புள்ளிகள் கொண்ட நான்கு பலகைகள். எந்தப் பலகை எந்த மூலையில், அதன் வரிசைகள் எந்த ஒழுங்கில் எரிய வேண்டும் என்பதெல்லாம் ஒரு கோப்பாக அந்தப் பெட்டியின் கார்டில் பதிந்திருக்கும். வேறொரு சுவரிலிருந்து ஒரு பெட்டியைக் கடன் வாங்கி நடுவில் வைத்தால், பார்வைக்கு ஒன்று போலவே இருந்தாலும், பழைய கோப்பின்படி அது தன் போக்கில் கோடுகளைக் கிறுக்கும். சரியான கோப்பை ஏற்றினால் சாந்தமாகிவிடும். நிறம் சற்று வேறுபடுவதை மட்டும் அவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடியாது. ஒரே ஆலையில் வெவ்வேறு காலத்தில் செய்த டையோடுகள் உடன்பிறந்தோர் போன்றவை, இரட்டையர் அல்ல.

கணினி அனுப்பும் படம் 1920 × 1080 புள்ளிகள். சுவரிலோ 1024 × 640. நீள அகல விகிதமும் வேறு. முழு அகலத்துக்குச் சுருக்கினால் உயரம் 576 வரிசைதான் வரும். மீதி 64 வரிசைகள் மேலும் கீழும் பாதிப்பாதியாக, ஒவ்வொன்றும் 12.5 சென்டிமீட்டர் கறுப்புப் பட்டையாக நிற்கும். பட்டை அழகில்லை என்று படத்தை மேல்கீழாக இழுப்பவர்கள் உண்டு. மணமக்கள் கொஞ்சம் உயரமாகத் தெரிவார்கள், அவ்வளவுதான். ஆனால் எழுத்து இருந்தால் இப்படிச் செய்யாதீர்கள். சுவரின் புள்ளிக்கு ஒரு புள்ளி பொருந்தும்படி 1024 × 640 அளவிலேயே எழுத்தை வடிவமைப்பதே சிறந்தது. 'ண' வில் மூன்று சுழி இருக்கிறது. அது 'ன' ஆகிவிடக் கூடாது. என் கணிப்பில் ஓர் எழுத்துக்கு 16 வரிசையாவது, அதாவது 6 சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும்.

திரவப் படிகத் தொலைக்காட்சித் திரைகளை அடுக்கிக் கட்டும் சுவர்களும் உண்டு. கட்டுப்பாட்டு அறைகளில் இவற்றைப் பார்க்கலாம். இங்கே தொல்லை, திரைகளுக்கு நடுவே உள்ள விளிம்பு. 55 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.63 மி.மீ. இரண்டு திரைகளுக்கு நடுவே 3.5 மி.மீ. விளிம்பு இருந்தால், அது ஐந்தாறு புள்ளிகளின் அகலம். அந்த ஐந்தாறு புள்ளிகளை விளிம்புக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாகக் கருதி விட்டுவிட்டால் சாய்கோடு உடையாமல், சன்னல் கம்பிக்கு அப்பால் தெரிவது போல், தொடர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் ஓர் எண் இருந்தால் அதன் ஒரு கால் காணாமல் போகும். நகரும் படத்துக்கு ஒளியுங்கள், எண்களுக்கு ஒளிக்காதீர்கள் என்பதே என் யோசனை.

ஐந்து வோல்ட்டின் கஷ்டம்

மின்சாரத்துக்கு வருவோம். ஒரு பெட்டி முழு வெள்ளையில் எரியும்போது 200 வாட் எடுக்கிறது எனக் கொள்வோம். நாற்பதுக்கு 8,000 வாட். 230 வோல்ட்டில் 35 ஆம்பியர். சாதாரணப் படம் ஓடும்போது இதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் யாராவது வெள்ளைப் பின்னணியில் 'நல்வரவு' என்று போட்டால் முழுச் சுமையும் ஒரே நொடியில் வந்து விழும். கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நல்வரவுக்குத்தான்.

பெட்டிக்குள் கணக்கு வேறு. டையோடுகளுக்கு வேண்டியது 5 வோல்ட். 200 வாட்டை 5 வோல்ட்டில் கொடுக்க 40 ஆம்பியர் வேண்டும்! 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.007 ஓம். போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர் என்றால் 0.014 ஓம். இதில் 40 ஆம்பியர் ஓடினால் 0.56 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். ஐந்தில் அரை போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. இதனால்தான் தரையில் ஒரே பெரிய மின்வழங்கியை வைத்து எல்லாப் பெட்டிக்கும் 5 வோல்ட் அனுப்புவதில்லை. 230 வோல்ட்டைப் பெட்டி வரை கொண்டுபோய், அங்கே தனித்தனி மின்வழங்கி வைத்துச் சாண் அளவுக் கம்பியில் பலகைகளுக்குக் கொடுக்கிறார்கள். மின்வாரியம் உயரழுத்தக் கம்பியில் மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுவந்து டிரான்ஸ்பார்மரில் இறக்குகிறதே, அதே காரணம்.

வோல்ட் குறைவதை அறிய மீட்டர்கூட வேண்டாம். சிவப்பு டையோடு எரிய 2 வோல்ட் போதும்; பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் வேண்டும். ஆகவே வோல்ட் இறங்கினால் முதலில் தளர்பவை பச்சையும் நீலமும். வெள்ளைப் படம் காட்டும்போது ஒரு பலகை மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், அங்கே கம்பி இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

எர்த் கம்பி

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் படம் கெடும். இனிச் சொல்வதில் தவறு நேர்ந்தால் ஆள் போவார்.

ஒவ்வொரு மின்வழங்கியின் வாயிலிலும் இரைச்சலை வடிகட்டச் சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. இவை பேஸ் கம்பிக்கும் பெட்டியின் உலோக உடலுக்கும் நடுவிலும், நியூட்ரலுக்கும் உடலுக்கும் நடுவிலும் இணைக்கப்பட்டவை. மாறுதிசை மின்னோட்டத்தை மின்தேக்கி சிறிது விடும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. ஆக, பழுதில்லாத பெட்டியிலும் உடலுக்குச் சிறிது மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அது எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போய்விடுவதால் நமக்குத் தெரிவதில்லை. பெட்டிக்கு 1 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பெட்டியில் எர்த் அறுந்து, அதைத் தொட்டால் கை சுருக்கென்னும், அவ்வளவே.

ஆனால் சுவரில் நாற்பது பெட்டிகளும் ஒன்றோடொன்று உலோகத்தால் பூட்டப்பட்டு, உலோகச் சட்டத்தில் தொங்குகின்றன. எல்லாக் கசிவும் ஒன்றுசேர்ந்தால் 40 மில்லி ஆம்பியர். எர்த் கம்பி அறுந்திருந்தால், ஈர மண்ணில் வெறுங்காலோடு வந்து சட்டத்தைப் பிடிப்பவரின் உடல் வழியேதான் அவ்வளவும் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் இதயத்துக்கு ஆபத்து என்பதால்தான் வீடுகளில் வைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்ச் 30-இல் துண்டிக்கும்படி செய்யப்படுகிறது. இங்கே பெட்டி ஒன்றிலும் பழுது இல்லை என்பதைக் கவனியுங்கள். பழுதில்லாத நாற்பது சேர்ந்து ஓர் ஆபத்தாகின்றன.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். நாற்பது பெட்டிகளையும் ஒரே ஆர்.சி.சி.பி. வழியே இணைத்தால், எர்த் சரியாக இருக்கும்போதே 40 மில்லி ஆம்பியர் கசிவதைக் கண்டு அது துண்டித்துவிடும். நிகழ்ச்சி தொடங்கும் நேரம், சுவர் அணைகிறது. 'இந்தச் சுவிட்சே தொல்லை' என்று அதைச் சுற்றிக்கொண்டு கம்பியை நேராக இணைத்துவிடுகிறார்கள். படம் வந்துவிடும். காவலாளி போய்விட்டான்.

சரியான வழி, பெட்டிகளைப் பத்துப் பத்தாக நான்கு பிரிவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆர்.சி.சி.பி. வைப்பது. ஒவ்வொன்றிலும் 10 மில்லி ஆம்பியரே கசியும், வீணாகத் துண்டிக்காது. ஒரு பெட்டியில் உண்மையான பழுது வந்தால் அந்தப் பிரிவு மட்டும் அணையும். ஆனால் இதோடு நிறுத்திவிடக் கூடாது. எர்த் அறுந்து ஒருவர் சட்டத்தைத் தொட்டால் அவருக்கு நாற்பதும் பாயும். ஒவ்வொரு சுவிட்சும் தன் பங்கான பத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும்! ஆகவே மின்வடத்தில் வரும் எர்த் போதாது. உலோகச் சட்டத்திலிருந்தே, தனியாக, இரண்டு இடத்தில் தடித்த கம்பி எடுத்து மண்ணில் அடித்த எர்த் கம்பத்தில் இணைக்க வேண்டும். ஜெனரேட்டரில் ஓட்டினால் அதன் நியூட்ரலையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கசிந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் ஆர்.சி.சி.பி. கண்ணில் படவே படாது. உங்கள் தெருவில் விழா நடந்தால், சுவரின் பின்னால் எர்த் கம்பி எங்கே என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

காற்றின் கை

பத்துச் சதுர மீட்டர் என்றால் அது ஒரு நல்ல பாய்மரம். காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட நம் நாட்டுக் கட்டட விதிகளில் ஒரு எளிய வாய்பாடு உண்டு: வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்க வேண்டும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று என்பது நொடிக்கு 15 மீட்டர். அழுத்தம் 0.6 × 225, அதாவது சதுர மீட்டருக்கு 135 நியூட்டன். நம் சுவரின் மேல் 1,350 நியூட்டன். சுவரின் நடுப்பகுதி தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், சுவரைச் சாய்க்கும் திருப்புத்திறன் 4,050 நியூட்டன் மீட்டர்.

தடுத்து நிறுத்துவது எது? சுவரின் எடைதான். பெட்டிக்கு 8 கிலோ, நாற்பதுக்கு 320 கிலோ, ஏறத்தாழ 3,140 நியூட்டன். தாங்கியின் அடிக்கால் பின்பக்கம் அரை மீட்டர் நீண்டிருந்தால் எடையின் எதிர்த் திருப்புத்திறன் 1,570 மட்டுமே. சுவர் சாய்ந்துவிடும். சமன் செய்யவே கால் 1.3 மீட்டர் நீள வேண்டும். காற்றுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பாகுபாடு இல்லையாதலால் முன்னாலும் அதே கணக்கு. முன்னால் கால் நீட்டினால் பார்ப்பவர்களுக்கு இடைஞ்சல் என்று யாரும் நீட்டுவதில்லை. அதனால்தான் அடிக்கால்களில் தண்ணீர்த் தொட்டிகளையோ மணல் மூட்டைகளையோ ஏற்றுகிறார்கள். அல்லது சாய்வாகக் கம்பிவடம் கட்டித் தரையில் ஆணியடிக்கிறார்கள்.

வேகம் வர்க்கமாக வருவதை மறந்துவிடாதீர்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. அழுத்தமோ 375 நியூட்டன், ஏறத்தாழ மூன்று மடங்கு. கோடை மழைக்கு முன் சட்டென்று கிளம்பும் சூறைக்காற்றில் இது நடக்கக் கூடியதே. அந்த நேரத்தில் மணல் மூட்டையை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஏற்றுச் சங்கிலியில் தொங்கும் சுவரானால் உடனே கீழே இறக்கித் தரையில் நிறுத்திவிட வேண்டும். உயரம் குறைந்தால் திருப்புத்திறனும் குறையும். நிகழ்ச்சி நடுவில் சுவர் இறங்கினால் அதை இயக்குபவரைத் திட்டாதீர்கள்; அவர் இயற்பியல் தெரிந்தவர்.

காமிராவுக்கு மட்டும் தெரியும் கோடுகள்

திருமண வீடியோவில் சுவரின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். நேரில் பார்த்தபோது அவை இல்லையே! உண்மையில் சுவர் ஒரு கணத்தில் முழுவதுமாக எரிவதே இல்லை. 64 வரிசைகள் கொண்ட பலகையில் ஒரே சமயத்தில் நான்கு வரிசைகள் மட்டும் எரியும். பிறகு அடுத்த நான்கு. பதினாறு தவணையில் ஒரு சுற்று முடியும். நொடிக்கு 1,920 சுற்று நடப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. காமிராவோ ஆயிரத்தில் ஒரு நொடி மட்டும் கண் திறந்தால் அதற்குள் இரண்டு சுற்றுகூட முழுதாக முடிவதில்லை. சில வரிசைகள் இரண்டு தடவை எரிந்திருக்கும். சில ஒரே தடவை. அந்த வேறுபாடே பட்டை. காமிராவின் கண்ணை ஐம்பதில் ஒரு நொடிக்குத் திறந்து வைத்தால் 38 சுற்றுகள் உள்ளே நுழையும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தெரியாது.

அடுத்த முறை இப்படி ஒரு சுவரைக் கண்டால் ஒரு சோதனை செய்து பாருங்கள். செல்பேசியின் காமிராவைச் சுவருக்கு நேராகப் பிடித்து, மெல்ல மெல்லப் பின்னால் நடந்து போங்கள். ஓரிடத்தில் படத்தின் மேல் வானவில் வளையங்கள் போன்ற அலைகள் தோன்றும். இது பட்டை அல்ல, வேறு சங்கதி. சுவரில் புள்ளிகள் ஒரு வலை. காமிராவின் உள்ளே உணர்வான்கள் இன்னொரு வலை. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் புதிய கோலம் தெரியுமே, அதுதான். இன்னும் ஓர் அடி பின்னால் வையுங்கள், கோலம் மாறும். செல்பேசியைச் சற்றே சாய்த்தால் வளையங்களும் சுழலும்.